மண்ணீரல்

வெள்ளிக்கிழமை நாலு மணிக்குள்
துணைப்பாடத்தைக் குறித்துத் தர வேண்டும்.
வரலாறு, உளவியல், கணினிப் பயன்பாடு.
கடைசியில், யாரோ பேனாவால் சேர்த்து
யாரோ குறுக்கே அடித்துவிட்ட
விலங்கியல்.

இசக்கியம்மாள் கணினிக்கு டிக் போட்டுவிட்டாள்.
"ஏட்டி, அவன் பேச்சை இவனுக்குச் சொல்லுததெல்லாம்
இனி போனே சொல்லிரும்,
நடுவுல நீ என்னத்துக்கு?"
என்றபடி என் டப்பாவில் பாதியைத் தின்றாள்.

நடுவில் நிற்க மட்டும்தான் எனக்குத் தெரியும்.
தாராவியில் பன்னிரண்டு வயதுவரை
தண்ணீர்க் குழாய்ச் சண்டைகளில்
அம்மாவுக்குத் தமிழ், எதிர்வீட்டுக்கு இந்தி,
வசவை மட்டும் பாதியாகக் குறைத்துக் கொடுப்பேன்.
மும்பையை விட்டு வள்ளியூருக்கு வந்தபோது
அந்த இந்தியையும் மூட்டையில் கட்டித்தான் வந்தோம்,
யாருக்கு என்று தெரியாமல்.

செவ்வாய் இரவு
ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரி நர்ஸ் எப்சிபாய் கூப்பிட்டாள்.
குவாரியில் லாரிக்கும் பாறைக்கும் இடையே
சிக்கிய ஒருவன். சுக்லால் முர்மு, ஜார்க்கண்ட்.
புருவத்தில் இன்னும் கல்தூள்.

"எனக்கு இடப்பக்கம் எரியுது" என்றேன்.
டாக்டர் ஒரு நொடி
என் வயிற்றைப் பார்த்தார்.
அவன் 'நான்' என்றால் நானும் 'நான்' என்க வேண்டும்,
அதுதான் முறையாம், எங்கோ படித்தது.
அடுப்பிலிருந்து இறக்கிய செம்பு அந்த 'நான்',
துணியில்லாமல் பிடிக்கிறேன்.

"மண்ணீரல் கிழிஞ்சிருக்கு. எடுக்கணும்.
சம்மதமான்னு கேளும்மா."

தாராவி இந்தியில் மண்ணீரல் இல்லை.
கறிக்கடையில் கலேஜி உண்டு, அது வேறு.
தமிழிலேயே அது எந்தப் பக்கம் என்று
எனக்குத் தெரியாது,
மண்ணும் ஈரமுமாக
வயலுக்கடியில் கிடப்பதுபோல ஒரு சொல்.
"உள்ளே ஒரு சாமான் உடைந்துவிட்டது" என்றேன்.
"எந்தச் சாமான்?"
"சின்னது."
அவன் டாக்டரைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தான்.
பெருவிரலை மையில் உருட்டியது
நான்தான்.

பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்து போனில் தேடினேன்.
தில்லி.
தமிழில் எழுதினால் தலைநகரம்.

வியாழன் சாயங்காலம் கண் விழித்திருந்தான்.
கட்டுக்குப் பக்கத்தில் விரலைக் காட்டி
"தில்லி" என்றேன், "எடுத்தது தில்லி."
தமிழெழுத்தில் மனப்பாடம் செய்த நாக்கு
எங்கோ சறுக்கியிருக்க வேண்டும்.
"நான் அங்கே போனதில்லையே" என்றான்.
"தன்பாத், சென்னை, அப்புறம் இங்கே."

படம் வரைந்தேன், மருந்துச் சீட்டின் பின்னால்.
ஓ என்றான். அந்த இந்திச் சொல்
அவனுக்கும் புதுசு.
இந்தியே அவனுக்கு மேஸ்திரி கொடுத்தது,
செருப்பு மாதிரி, அளவு பார்க்காமல்.
அவன் அம்மா பேச்சில் அதற்கு ஒரு பெயர் உண்டாம்.
சொன்னான். மறுபடி சொல்லச் சொன்னேன், சொன்னான்.
என் காதில் அதற்கு எழுத்து இல்லை.
நான் திருப்பிச் சொன்னதைக் கேட்டுச் சிரித்து
தையலைப் பிடித்துக்கொண்டு
சிரித்தால் வலிக்கிறது என்றான்.
பக்கத்தில் டாக்டரும் இல்லை, நர்ஸும் இல்லை.
ஆனாலும் தமிழில் சொன்னேன்:
சிரிச்சா எனக்கு வலிக்குது.

வெள்ளி, மூன்றே முக்கால்.
அலுவலகத்தில் சங்கரபாண்டி சார்
பாரத்தைத் தூக்கிப் பிடித்தார்.
"இங்கிலீஷ் இலக்கியத்துக்கு விலங்கியலா?
டைம்டேபிள் முட்டும்மா.
வரலாறு எடு, பாஸாயிரலாம்.
இப்பல்லாம் அங்க தவளைகூட அறுக்கதில்ல,
படம் பாத்து எழுதுததுதான்."

"படத்துல மண்ணீரல் இருக்குமா சார்?"

கண்ணாடியைக் கழற்றினார்,
பதில் சொல்லவில்லை.
யாரோ அடித்திருந்த கோட்டின் மேலேயே
என் டிக்கைப் போட்டேன்.
தள்ளி நின்று பார்த்தால்
அதுவும் இன்னொரு அடித்தல் மாதிரிதான் இருந்தது.