ஒன்பதாவது கட்டம்

சலாலா வேளாண் அலுவலகத்துக்கு எதிர் வரிசையில் என் கடை.
ஜெராக்ஸ், விசா, வாடகை ஒப்பந்தம்,
இந்த வருஷம் புதிதாக ஒரு பலகை:
உணவுத்தொழில் படிவம் நிரப்பித் தரப்படும்.
வழிகாட்டல் அரசாங்கத்தில் இலவசம்.
தட்டச்சு மட்டும் ஒன்றரை ரியால்.

துமுனா பின்த் பகீத் மலையிலிருந்து இறங்கி வந்தாள்,
மடியில் பெப்ஸி பாட்டில் நிறைய நெய்.
எனக்காக அரபியை மெதுவாகப் பேசினாள்.
மகனோடு பேசியது ஜிப்பாலி.
அதற்கு என் கீபோர்டில் விசை கிடையாது.
எதிர்க் கட்டடத்திலும் கிடையாது.

ஏழாவது கட்டம்: நிலப்பத்திர எண்.
"எங்கள் கூட்டம் மேய்க்கும் மலை. அதற்கென்ன எண்?"
எண் இல்லாமல் திரை நகர மறுத்தது.
போன் போட்டேன்.
வழிகாட்டல் மேசையில் ஆதில், நிஸ்வாக்காரன்.
"ஷேக்கின் கடிதம் போதும், இணைப்பு நான்கில் சேர்" என்றான்.

ஒன்பதாவது:
ஆண்டு முழுவதும் ஒரே மணம், ஒரே சுவை.
ஆம். இல்லை.

துமுனா சிரித்துவிட்டாள்.
கரீஃப்புக்கு முன்னால் மலையில் புல் ஏது?
மாட்டுக்குக் காய்ந்த மத்திதான்.
நெய்யில் கடல் வாடை அடிக்கும்.
மழை விழட்டும்,
அதே மாடு, அதே சட்டி,
நெய் பச்சையாக மணக்கும்.
"இதில் எதைப் பொய் என்று எழுதுவாய்?"

மூடியைத் திறந்து என் உள்ளங்கையில் ஊற்றினாள்.
வேம்பாரில் பிறந்தவனுக்குக் கருவாடு புதிதில்லை,
ஆனாலும் நெய்யில் கருவாடு!
மூக்கு வேண்டாம் என்றது.
நாக்கு இன்னொரு சொட்டு கேட்டது.

மறுபடி ஆதில்.
"இல்லை போட்டால் கணினி தள்ளும்,
ஆம் போட்டால் ஆய்வாளர் தள்ளுவார்."
அப்புறம் கொஞ்ச நேரம் அவனுடைய ஏசி சத்தம் மட்டும்.
"இரண்டு படிவம் போடு. இரண்டு பொருள்."
விதி இருக்கிறதா என்றேன்.
கூடாதென்று எங்கும் எழுதவில்லை என்றான்.

மத்தி நெய். மழை நெய்.
பெயர் வைத்தது துமுனாதான்.
மூன்று ரியால் என்றதும்
"மாடு ஒன்றுதானே" என்று பேரம் பேசி
இரண்டு கொடுத்தாள்.

மே பதினாறாம் தேதி குறுஞ்செய்தி வந்தது:
மழை நெய் மாதிரி
ஏழு நாளுக்குள் ஒப்படைக்கவும்.
ஜன்னல் வழியே மலையைப் பார்த்தேன்.
ஒட்டகத் தோல் நிறத்தில் கிடந்தது.

அவகாசம் கேட்டு மனு எழுதச் சொன்னான் ஆதில்.
எழுதினேன்.
காரணம் என்ற இடத்தில்
"மாதிரி இன்னும் மேகத்தில் இருக்கிறது."
அதற்குக் காசு வாங்கவில்லை.