முப்பத்தாறு கம்பி

விலை கேட்பதற்கு முன்
எல்லோரும் தூக்கித்தான் பார்க்கிறார்கள்.
நைட் டியூட்டி முடிந்த ஒரு காலையில்
ஆஸ்பத்திரி ஷெட்டில் வைத்து
தன் ரோடு பைக்கை
ஒற்றை விரலில் தொங்கவிட்டுக் காட்டினான் எட்வின்.
எட்டரைக் கிலோ, என்றான்,
நான் பிளேட்லெட் எண்ணிச் சொல்லும் அதே குரலில்.

ஒரு ஞாயிறு இரவல் தந்தான்.
காட்பாடிப் பாலத்துக்குக் கீழே
பாலாறு, அதாவது மணலும் சீமைக்கருவேலமும்.
நான் பார்க்கவில்லை.
முதுகை மடித்து முகத்தைக் கவிழ்த்து
முன்சக்கரத்தை மட்டும் படிக்கச் சொல்லும் வண்டி அது.
கட்டைவிரல் அகலத்து டயர்.
சாலையில் கிடந்த ஒவ்வொரு கல்லும்
மணிக்கட்டு வழியே ஏறிவந்து
பல்லில் பெயர் சொல்லிவிட்டுப் போனது.
வேகம் இருந்தது, மறுக்கவில்லை.
விருதம்பட்டு வந்ததே தெரியவில்லை.
எனக்கு அதுதான் குறை.

தோட்டப்பாளையத்தில் முஷ்டாக் கடை.
டூரிங் வண்டி வேணும்.
"எங்க போறீங்க?"
தெரியாது.
"எவ்ளோ ஏத்திட்டுப் போறீங்க?"
அதுவும் தெரியாது.
"அப்போ டீ சாப்பிடுங்க."

குழந்தை சைக்கிள்களுக்குப் பின்னால்
தவிட்டு நிறத்தில் நின்றிருந்தது.
ஸ்டீல். பதினாலு கிலோ.
பழக்கதோஷத்தில் நானும் விரலைக் கொடுத்தேன்.
விரல்தான் வலித்தது.

முஷ்டாக் குந்தி உட்கார்ந்து
பெடல் அச்சிலிருந்து பின் அச்சுவரை சாண் போட்டார்.
"ரோடு பைக்கைவிட மூணு விரல் ஜாஸ்தி மேடம்.
இந்த மூணு விரல் இல்லாட்டி
ஒவ்வொரு மிதிக்கும் குதிகால் பைய உதைக்கும்."
ஃபோர்க்கில், பின்கம்பியில்
காது குத்தி விட்டதுபோல் துளைகள்.
கம்மல் அப்புறம். கேரியர், மட்கார்டு, தண்ணீர்.
எண்ணுவது என் பிழைப்பு, அதனால்
பின்சக்கரத்துக் கம்பிகளை எண்ணினேன்.
முப்பத்தாறு.
எட்வினுடையதில் இருபத்து நாலு.

சும்மா ஒரு ரவுண்டு போனேன்.
காலி பஸ்போல் கடகடத்தது.
முகத்தைப் பார்த்தே புரிந்திருக்கும்,
பக்கத்து மண்டியிலிருந்து
பத்துக் கிலோ அரிசிப் பை இரண்டு வாங்கி
இந்தப் பக்கம் ஒன்று அந்தப் பக்கம் ஒன்று
கயிறு போட்டுக் கட்டினார் முஷ்டாக்.
"இப்ப போங்க."

இருபது கிலோ பொன்னியோடு
கோட்டை அகழியை ஒட்டிப் போனேன்.
கடகடப்பு நின்றிருந்தது.
ஹேண்டில் தன்பாட்டுக்கு நேரே பார்த்துக்கொண்டது.
நான் பக்கவாட்டில் பார்த்தேன்:
கல்மேல் ஒரு நீர்க்காகம்
சிறகை விரித்து உலர்த்திக்கொண்டிருந்தது,
ஒரு பக்கம் முடித்து, மறுபக்கம் திரும்பியது.
அவ்வளவையும் பார்க்க நேரமிருந்தது.

சீட்டெடுத்த பணம். வீட்டில்
ஃப்ரிட்ஜுக்கு என்று சொல்லியிருந்தேன்.
பில்லில் ஏமலதா என்று எழுதினார்.
ஹேமலதா என்று திருத்த நினைத்தேன்,
இருக்கட்டும், ஓர் எழுத்து குறைந்தால்
அவ்வளவு பாரம் மிச்சம்.

அடுத்த வார விடுமுறையில் முதல் பயணம்.
அரியூர் தாண்டி, ஊசூர் தாண்டி, அணைக்கட்டுப் பக்கம்.
தண்ணீர், பஞ்சர் டப்பா, மாற்றுத் துணி,
நாலு இட்லி, எல்லாம் இடது பையில் அடங்கிவிட்டது.
வலது பைக்கு வைக்க ஒன்றுமில்லை.
முப்பத்தெட்டு வயதில், ஒரு பக்கத்துக்குத்தான்
இருந்தது என்னிடம்.
வழி நெடுக வண்டி இடப்பக்கமே இழுத்தது,
ஆட்டுக்குட்டியைக் கயிற்றில் பிடித்தவள்போல்
வலப்பக்கம் சாய்ந்தே மிதித்தேன்.
ஏற்றத்தில் ஒரு டிவிஎஸ் எக்ஸ்எல்காரர்
"ஏம்மா, தள்ளிவிடட்டுமா?" என்றார்.
சின்னப் பல்லுக்கு மாற்றினேன்.
நடப்பவர்களின் வேகம்தான். ஆனால் இறங்கவில்லை.

இலவம்பாடியில்
வயலோரம் சாக்கு விரித்து
முள்ளுக் கத்தரிக்காய் குவித்திருந்தார்கள்.
இரண்டு கிலோ வலது பையில் போட்டேன். போதவில்லை.
நாலு. இன்னும் கொஞ்சம் இழுத்தது.
ஐந்தாவது கிலோவில் நேரானது வண்டி.

காம்பின் முள் பையைத் துளைத்து
கெண்டைக்காலைக் கீற, திரும்பினேன்.
வீட்டில் நாங்கள் இரண்டு பேர்.
அதில் ஒருவருக்குக்
கத்தரிக்காய் ஆகாது.