பதினைந்து குதிரை

நீதிமன்றம் படகை வெய்யோவுக்குக் கொடுத்தது,
மோட்டாரை எனக்கு.
சவோன்லின்னாவின் அந்த நீதிபதிக்கு
நீச்சலாவது தெரியுமா என்று கேட்டாள் அவுனே.
அவள் படகுதான் இப்போது கடன்.

மூன்று பனிக்காலம் கொட்டகைச் சுவரில்
தொங்கிக்கொண்டிருந்தது, பதினைந்து குதிரை.
மேல்மூடியைத் தூக்கினால்
ஒற்றைக் கம்பளிச் சாக்ஸ், சுண்டெலி மெத்தையாக்கியது.
வெய்யோவின் சாக்ஸ்.
அதைப் பற்றித் தீர்ப்பில் ஒன்றுமில்லை.

பழைய பெட்ரோல் கடுங்காப்பி நிறத்தில் வழிந்தது,
வாடை மட்டும் வார்னிஷ்.
புதிது ஊற்றினேன். ஆயில் அளந்து சேர்த்தேன்,
ஐம்பதுக்கு ஒன்று.
ஏழாவது இழுப்பில் இருமியது,
ஒன்பதாவதில் பிடித்துக்கொண்டது.
துறையில் கட்டியிருக்கும்வரை மகா சமர்த்து:
பின்துளையில் நீர் பீய்ச்சி,
நீலப் புகை விட்டு,
சொன்னதற்கெல்லாம் ஆமாம் போட்டது.

ஏரிக்குள் போனதும் கதை வேறு.
முறுக்க முறுக்கக் குரல் அடங்கியது.
முழுதாய்த் திறந்தால் மூச்சுத் திணறல்,
பாதிக்கு இறக்கினால் பிழைத்தது.
பதினைந்தில் எத்தனை
லாயத்திலேயே படுத்துவிட்டன?
பிளக் ஒயரை ஒவ்வொன்றாய்க் கழற்றிப் பார்த்தேன்.
எதைக் கழற்றினாலும் தள்ளாடியது.
ஆக, இரண்டு சிலிண்டருக்கும் உயிர் இருக்கிறது;
பசிதான்.

கார்புரேட்டரைச் சமையல் மேசையில் பிரித்தேன்,
மீன் சுடும் தட்டில், திருகு உருண்டோடாமல்.
பெரிய ஜெட்டின் வழியே ஜன்னலைப் பார்த்தால்
ஜன்னல் இல்லை.
பச்சைப் பிசின்.
செம்புக் கம்பி இழை ஒன்றால்
குத்தாமல், கெஞ்சிக் கெஞ்சி எடுத்தேன்.
ஜூன் மாதம், இரவு பதினொன்று,
வெளிச்சம் கிளம்புவதாகவே இல்லை;
துளைக்குள் ஊசிமுனை அளவு ஏரி தெரிந்தது.

மறுநாள் பறந்தோம், நானும் அவுனேயின் ஓட்டைப் படகும்,
மூக்கைத் தூக்கிக்கொண்டு, பின்னால் வெள்ளை உழவு.
ஆறு நிமிடம்.
மொட்டைப் பாறை அருகே அதே திணறல்,
பிறகு அதுவும் இல்லை.

கெட்ட வார்த்தைகளில் ஃபின்னிஷ் வளமான மொழி.
கையிருப்பு முழுவதையும் செலவழித்தேன்.

அப்போதுதான் துடுப்புச் சத்தம்.
திரும்பிப் பார்க்க வேண்டியதில்லை;
இடது துடுப்பு எப்போதும் கொஞ்சம் தாமதம்.
வலை எடுத்துவிட்டு வருகிறான்,
படகு உண்டு, மோட்டார் கிடையாது.
கிட்டே வந்து நிறுத்தினான்.
மோட்டாரைப் பார்த்தான், வானத்தைப் பார்த்தான்.
"பெட்ரோலா?"
"பெட்ரோல் இருக்கிறது."
கயிற்றை எடுத்தான். வேண்டாம் என்றேன்.
எடுத்த கயிற்றை மடியில் வைத்துக்கொண்டு
போகாமல் இருந்தான்.

ஒருவன் பார்த்துக்கொண்டிருக்கும்போது
ஏதாவது செய்தாக வேண்டுமே என்று
குழாயின் ரப்பர் குமிழை அமுக்கப் போனேன்.
அது ஏற்கெனவே அமுங்கிக் கிடந்தது,
பிழிந்துபோட்ட எலுமிச்சை மூடிபோல.

டேங்க் மூடியின் உச்சியில் ஒரு சின்னத் திருகு,
காற்று உள்ளே போவதற்கு.
வீட்டைவிட்டுக் கிளம்பிய அன்று
காருக்குள் நாற்றம் வரக்கூடாதென்று
நானே இறுக்கியது.
இந்தக் கைதான். அன்றைக்கு அதில்
பலம் கொஞ்சம் அதிகம்.

விரலுக்கு அசையவில்லை.
இடுக்கி, தீர்ப்பில் அவன் பக்கம் போயிருந்தது.
கை நீட்டினேன். என்ன என்று கேட்காமல் கொடுத்தான்.
ஸ்ஸ்ஸென்று நீளமாய் உள்ளிழுத்தது டேங்க்.
உள்ளங்கையில் குமிழ்
மெல்ல உருண்டு எழுந்தது.

இரண்டாவது இழுப்பில் பிடித்தது.
கரைக்கு நாலு கிலோமீட்டர், எதிர்க்காற்று,
அந்தக் கயிறு இன்னும் அவன் மடியில்.
"எறி" என்றேன்.

வழியெல்லாம் பதினைந்தும் பேசியதால்
நாங்கள் பேச வேண்டியிருக்கவில்லை.
துறையில் அரை வாளி முய்க்கு மீனை
என் படகுக்குள் கவிழ்த்தான்.
இடுக்கியைக் கேட்டான்.
உன் சாக்ஸும் ஒன்று இருக்கிறது என்றேன்.