நான்காம் அத்தியாயம்

புந்தா அரேனாசில் இன்று காற்று நூற்றுப்பத்து.
சதுக்கத்தில் கயிறு கட்டியிருக்கிறார்கள்,
பிடித்துக்கொண்டு நடக்க.
கடலுக்கடியில் கேபிள் அறுந்ததாம்,
இணையம் போய் மூன்று நாள்.
ராத்திரிகளில் என்னோடு மோதும் பையன்கள்,
லிமாவில் ஒருவன், ரொசாரியோவில் ஒருவன்,
நிஜப் பெயர் தெரியாது, கெட்ட வார்த்தைகள் தெரியும்,
யாரையும் காணோம்.

வேறு வழியின்றி
வாங்கிய நாள் முதல் தொடாத
ஸ்டோரி மோடைத் திறந்தேன்.
ஒரு ஆட்டக்காரர் மட்டும், என்றது திரை.
தெரியும். நீ வேறு சொல்ல வேண்டாமா.

முதல் இரண்டு அத்தியாயங்கள் பேச்சு.
வில்லன் மாட்ரிட் உச்சரிப்பில் மிரட்டுகிறான்,
சிரிப்பு வந்தது.
மூன்றாவதில் நான் ஒரேயா.
உப்புச் சுரங்கத்துக்காரி, இடது கைக்காரி.
நாலு மணி நேரம் அவளுக்குள் இருந்தேன்.
உதைக்குமுன் மூச்சைப் பிடிப்பாள்.
இரண்டு அடி தடுத்தால்
அரை எட்டு பின்வாங்கி, குனிந்து வருவாள்.
கோபுரத்துக் காவலனை
மேலே ஒரு கீறல் விழாமல் சாய்த்தேன்.
உயிர்க்கோடு முழுசாக மின்னியது.
உடனே ஒரு காட்சி:
ஒரேயா மண்டியிட்டிருக்கிறாள், வாயில் ரத்தம்,
காவலன் சிரிக்கிறான்.

ஏய், ஜெயித்தது நான்.

மார்ச்சிலும் இப்படித்தான்.
நண்டு ஆலை வாசலில் பத்தொன்பது நாள்.
அவர்கள் கையெழுத்துப் போட்டார்கள்,
நாங்கள் டிரம் அடித்து ஆடினோம்.
அடுத்த காட்சியில் இரவு ஷிப்டே இல்லை,
என் வெள்ளை ஹெல்மெட் பச்சையாகியிருந்தது.
வாழ்த்துகள், மேற்பார்வையாளர் நீவியா.

நான்காம் அத்தியாயம் கேட்டுக்கொண்டு வருவதில்லை.
இப்போது நீ காவல்படைத் தலைவி, என்றது.
எதிரே ஒரேயா.

அவள் அரை எட்டு எனக்குத் தெரியும்.
எங்கே குனிவாள், எங்கே திறந்து நிற்பாள்,
எல்லாம் என் கட்டைவிரலில் இன்னும் சூடாக இருக்கிறது.
கன்ட்ரோலரை மடியில் போட்டுவிட்டேன்.
அடிக்கட்டும்.
அடித்தாள், விழுந்தேன்.
தொடரவா? பத்து, ஒன்பது, எட்டு.
தொடர்ந்தால் அதே முற்றம், அதே மழை.
தோற்றால் கதை நகராது இங்கே,
தோற்பதற்கென்று ஒரு கதை யாரும் எழுதி வைக்கவில்லை.
பதினோரு தடவை விழுந்து பார்த்தேன்.

இயந்திரம் என்னைத் திறமையில்லாதவள் என்று
முடிவு கட்டியிருக்க வேண்டும்.
பன்னிரண்டாவதில் என்மேல் இரக்கப்பட்டு
அவளை மந்தமாக்கிவிட்டது.
ஒரேயா வருகிறாள், அடிக்கிறாள், வலிக்கவில்லை.
கை தாழ்ந்தே இருக்கிறது.
என்மீது காட்டும் கருணை
அவள் கணக்கில் கழிகிறது.

மேசையில், மாத்தே கிண்ணத்துக்கு அடியில்
ஒரு உறை.
காலை ஆறு மணிக்குக் கொடுக்க வேண்டியது.
எதெல்மிரா கார்க்கமோ, வெட்டுப் பிரிவு, நான்காம் மேசை.
எட்டு வருடம் என் வலது தோளுக்குப் பக்கத்துத் தோள்.
எந்த விரல் முதலில் மரத்துப்போகும் அவளுக்கு,
எப்போது கத்துவாள்,
எப்போது கத்தாமல் கத்தியைத் துடைப்பாள்...
அதனால்தான் உன்னை அனுப்புகிறோம்,
உனக்கு அவளைத் தெரியுமே, என்றார் மேலாளர்.

நான் அசையவில்லை.
ஒரேயாவும் நின்றுவிட்டாள்.
இந்தச் சுற்றுக்கு நேரக்கெடு இல்லை போலும்.
இருவரும் மூச்சு மட்டும் விடுகிறோம், மழையில்.
கொஞ்ச நேரத்தில் அவள்
மணிக்கட்டுத் துணியை அவிழ்த்து
பல்லால் கடித்து இறுக்கிக் கட்டினாள்.
அவளுக்கு இப்படி ஒரு பழக்கமா!
நாலு மணி நேரம் அவளாக இருந்தும்
ஒரு நிமிஷம் சும்மா நிற்கவிடவில்லை நான் அவளை.

மறுபடி அவிழ்க்கிறாள்.
எண்ணிப் பார்த்தேன், நாற்பது விநாடிக்கு ஒரு தடவை.
ஜன்னல் தகரம் அடித்துக்கொள்கிறது.
மணி மூன்று.
மறுபடி கட்டுகிறாள்.