நாய் எழுந்து போகும் வரை

ஆட்களைப் பின்னோக்கி அழைப்பது என் வேலை.
சிலோவேயில், தீவுக்குப் போகும் ஃபெர்ரியின் சாய்தளத்தில்
முழங்கால்வரை ரப்பர் பூட்ஸோடு நிற்கிறேன்.
படகுக்கு ஒரே வாய்.
முகம் காட்டி ஏறினால் அக்கரையில்
பாசி படிந்த ஈரத்தில் முதுகு காட்டி இறங்கவேண்டும்.
அதனால் எல்லோரும் ரிவர்ஸில் ஏறவும் என்று
கேப்டன் ரெமிகியோ பலகை மாட்டியிருக்கிறார்,
இரண்டு எழுத்துப்பிழைகளோடு.

பதினோரு வருஷம்.
ஒரு காரையும் முகம் பார்த்து எனக்கு அடையாளம் தெரியாது.
டிக்கியின் துரு தெரியும்,
எந்தப் பக்கத்து பிரேக் விளக்கு செத்தது என்று தெரியும்,
யாருடைய கியர் பாக்ஸ் என்ன பேசும் என்று தெரியும்.

வியாழக்கிழமை நோல்ஃபா கார்கமோ வருவாள்.
வெள்ளை சுசுகி. பின்சீட்டில் நான்கு அட்டைப்பெட்டிகள்,
பெட்டிக்கு ஐம்பது கோழிக்குஞ்சுகள்.
துளை வழியே வரும் கீச்சு
மழையைவிட அடர்த்தி.
அவள் ரிவர்ஸ் போடுவாள்.

க்ர்ர்ர்ரக்.

இருநூறு குஞ்சுகளும் ஒரே நொடியில் வாயடைக்கும்.
பால் லாரிக்காரன் தலையை நீட்டிக் கேட்பான்:
"மாவு அரைச்சு முடிஞ்சதா, நோல்ஃபா?"

அவள் வாழ்க்கையையே அந்தச் சத்தத்துக்கு ஏற்ப
மாற்றிக்கொண்டிருந்தாள் என்று பிறகு கேள்விப்பட்டேன்.
மேட்டைப் பார்த்து மட்டும் நிறுத்துவாளாம்,
கிளம்பும்போது நியூட்ரலில் தானாகப் பின்னால் உருளும்படி.
சர்ச் வாசலைத் தாண்டிவிட்டால்
ஊரையே ஒரு சுற்று சுற்றி வருவாளாம்.
இந்தச் சாய்தளத்தை மட்டும் சுற்றிப்போக வழியில்லை.

நான் சொல்லியிருக்கலாம்.
முன்னால் போகிற கியர்களுக்கு
கைபிடித்து ஏற்றிவிட ஒரு வளையம் உண்டு,
ரிவர்ஸுக்கு யாரும் இல்லை.
கிளட்சை மிதித்த பிறகும் உள்ளே ஏதோ ஒன்று
கோபம் ஆறாமல் சுழன்றுகொண்டிருக்கும்,
அது நிற்கட்டும் என்று.
ஆனால் வரிசையில் ஏழு ஆண்கள்
ஏற்கெனவே சொல்லிக்கொண்டிருந்தார்கள்.
ஏழும் ஏழு விதம்.
ஒருவன் இன்னும் வேகமாக இழு என்றான்.

ஆகஸ்டில் ஒரு வியாழன்.
அவள் கால் கிளட்சில், கை கியரில்.
நான் உள்ளங்கையை உயர்த்தி நிறுத்தினேன்.
சாய்தளத்தின் நடுவில் துறைமுகத்து நாய்,
எவனுக்கும் சொந்தமில்லாத அந்த மஞ்சள் நாய்,
உட்கார்ந்து காதைச் சொறிந்துகொண்டிருந்தது.
ஒரு காது.
பிறகு கொஞ்சம் யோசித்து
மற்றதும்.
ரெமிகியோ ஹாரன் அடித்தார்.
நாய் கொட்டாவி விட்டது,
எழுந்தது, உடம்பை நீட்டியது, போனது.

கையைத் தாழ்த்தி வா என்றேன்.

கியர் விழுந்தது. கரண்டி தேனில் இறங்குவதுபோல.
குஞ்சுகள் நிறுத்தவே இல்லை.
அந்தக் கீச்சோடு கார் என்னை நோக்கி வந்தது.
பக்கக் கண்ணாடியில் நோல்ஃபாவின் ஒரு கண்
முதலில் கியர் தண்டைப் பார்த்தது,
பிறகு என்னை,
பிறகு நாய் போன திசையை.

அடுத்த வியாழன் நாய் இல்லை.
அவள் கிளட்சை மிதித்தாள்.
காத்திருந்தாள். உதடு அசைந்தது,
மூன்றுவரை எண்ணினாளோ,
பால் லாரிக்காரனைத்தான் திட்டினாளோ.
இன்னொரு வாரம் வேறொன்று கண்டுபிடித்திருந்தாள்:
முதல் கியரை லேசாகத் தொட்டுவிட்டு
அப்புறம் ரிவர்ஸுக்குப் போனால்
இன்னும் பூப்போல விழுகிறதாம்.
"பின்னால் போக முதலில் முன்னால் போகணுமாம்,
என்ன வண்டியோ!" என்று
காசு கொடுக்கும்போது சிரித்தாள்.

சிரித்தாலும் அது நோய்தான்.
கிளட்ச் கேபிள் தளர்ந்திருக்கிறது,
ஆயிலும் மாற்றிப் பல வருஷம் ஆகியிருக்கும்,
ஒருநாள் செலவு வைக்கும்.
இதைச் சொன்னேன்.
தலையாட்டினாள். குஞ்சு விற்ற பணத்தில்
ஒரு பகுதி அதற்கு என்றாள், நவம்பரில்.

அதுவரை வியாழன்தோறும்
சாய்தளம் காலியாக இருந்தாலும்
உள்ளங்கையை உயர்த்துகிறேன்.
வரிசையில் யாருக்கும் ஏன் என்று தெரியாது.
லாரிக்காரன் ஹாரன் அடிக்கிறான்.
இல்லாத நாய்
இரண்டாவது காதைச் சொறிந்து முடிக்கட்டும் என்று
நானும் அவளும்
நிற்கிறோம்.