இலுப்பையடி முறை

மாசி பிறந்தால் எங்கள் மலைக்குத் தாடி நரைக்கும்.
சுக்குநாறிப் புல் ஆளுயரம் நின்று
தொட்டால் நொறுங்கும்.
ஒடுகத்தூர்ச் சந்தையில் வாங்கிய தீப்பெட்டியில்
அந்த ஒரு மாதம் மட்டும்
குச்சிக்கு ஒரு மலை இருக்கும்.

கார்டு தஸ்தகீர், பேரணாம்பட்டுக்காரர்,
சருகு ஊதும் மிஷினை பைக்கில் கட்டிக்கொண்டு வந்தார்.
முதுகில் மாட்டினால் உடும்பாய் ஒட்டும்.
அது போட்ட சத்தத்தில்
கோழிகள் இரண்டு நாள் முட்டையிடவில்லை.
"இருபது அடி அகலம். மண் தெரியணும்."
பதினோரு பேர் பேர் கொடுத்தோம்.
கூலி மாசக் கடைசியில், வந்தால்.

வெள்ளாடு தயங்காமல் கடக்கும் தூரம்.
தீ தயங்க வேண்டும்.
அவ்வளவுதான் கணக்கு.

தீர்த்தகிரியின் வைக்கோல் போர் கோட்டை ஒட்டி நின்றது.
நகர்த்தச் சொன்னதற்கு மூன்று நாள் பேசவில்லை.
நாலாம் நாள் தானே நகர்த்தினான்,
நாலு முழம்.

சடையாண்டியோடுதான் பெரிய சண்டை.
"கொளுத்தாம எப்படிப் புதுப்புல் வரும்?
உங்க மிஷினா என் ஆட்டுக்குத் தீனி போடும்?"
தஸ்தகீர் கேஸ் நோட்டை எடுத்தார்.
கொஞ்ச நேரம் வைத்திருந்து மூடினார்.

மறுநாள் விடியுமுன், புல்லில் பனி காயாதபோது,
காற்று இன்னும் மலையிறங்கிக்கொண்டிருந்தபோது,
கோட்டுக்கு வெளியே ஒரு பட்டையை
சடையாண்டியே கொளுத்தினான்.
ஆளுக்கொரு புங்கங்கிளையோடு நாங்கள் நின்றோம்.
முட்டிக்கு மேல் எழவில்லை,
அதட்டிய நாய் மாதிரி நடந்தது தீ.
ஒளிந்து செய்ததை
ஊர் பார்க்கச் செய்கிற வெட்கம் அவன் முகத்தில்.

கோடு ஒரே இடத்தில் வளைந்தது.
இலுப்பை.
அதில் யாரும் கத்தி வைக்க மாட்டோம்.
அங்கே பன்னிரண்டடிதான் கிடைத்தது.

நான் ஒன்று சொல்ல வேண்டும்.
போன வருஷம் வரை அதனடியில் கொளுத்தியவள் நான்.
சருகு எரிந்தால் தரை கறுக்கும்.
கறுப்பில் வெள்ளைப் பூ பளிச்சென்று தெரியும்.
பொறுக்க இடுப்புக்கு நல்லது.
ஒருமுறை கையை மீறி
பள்ளம் வரைக்கும் போய்த் தானே அணைந்தது.
யார் என்று கேட்டார்கள்.
எல்லோரோடும் சேர்ந்து நானும் சொன்னேன்:
"யாரோ."

பங்குனி பத்தொன்பது, உச்சிவெயில்.
கீழே ரோட்டோரம் எவனோ போட்ட பீடி.
பகல் காற்று மலையேறும், தீயும் கூடவே.
முதலில் மூங்கில் வெடிக்கும் சத்தம்,
பிறகு புகை, பிறகு பறவைகள்.
போன் எடுக்கும் பாறைக்குக் குள்ளம்மா ஓடினாள்.
பேசிவைத்தபடி மாடுகளை அவிழ்த்துவிட்டு
பிள்ளைகளை உழுதுபோட்ட சாமைக்கொல்லையில் உட்காரவைத்தோம்.

கோட்டருகே வந்து நின்றது.
கறுத்த பட்டையில் தின்ன ஒன்றுமில்லை.
இரண்டு பக்கமும் முகர்ந்தது.
வளைவைக் கண்டுபிடித்தது.

காலையில் கூட்டியிருந்தோம்,
மத்தியானத்துக்குள் இலுப்பை மறுபடி உதிர்த்திருந்தது.
ஒரு பொறி.
நாலு முழம் போதவில்லை.

போர் போனது. கொட்டகை போனது.
முதுகு பொசுங்கிய கன்று உயிரோடிருக்கிறது.
வீடு ஒன்றும் போகவில்லை.
"நல்லபடியா முடிஞ்சதுன்னு எழுதட்டுமா?" என்றார் தஸ்தகீர்.
தீர்த்தகிரி நின்ற பக்கம்
யாரும் திரும்பவில்லை.

அன்றிரவு பள்ளிக்கூடத்தில் ஊர் கூடியபோது
போன வருஷத்து யாரோ நான்தான் என்றேன்.
திட்டு விழும் என்றிருந்தேன்.
சடையாண்டி சிரித்துவிட்டான்.
இன்னும் இரண்டு பெண்கள் தரையைப் பார்த்தார்கள்.
மரம் நிற்கட்டும் என்று முடிவானது.
அடியை மூன்று வேளை கூட்டுவது,
வீட்டுக்கு ஒரு நாள்,
மழை விழும் வரை.

இன்று என் முறை.
மிஷினில் பெட்ரோல் இல்லை, பில் வேலூரில் கிடக்கிறது.
ஈச்சந்துடைப்பம் போதும்.
ஒரு பக்கம் கருகிய மரம்
மறுபக்கத்திலிருந்து உதிர்க்கிறது
நான் கூட்டிமுடித்த இடத்தில்.
செம்மண்ணில் வெள்ளைப் பூ.
இதிலும்
தெரியத்தான் செய்கிறது.