மே மாதத்தில் சத்தம் கூடாது

வேகா தீவில் மே மாதம்.
நாயைக் கட்டியாயிற்று. ஆணி அடிப்பதில்லை.
கொடியில் ஒரு சட்டை படபடத்தால் போதும்,
ஈடர் வாத்துகள் கடலுக்கே திரும்பிவிடும்.

படகுக் கொட்டகையின் ஓரம்
போர்க்னி அடுக்கிய கல்லறைகள், முழ உயரம்,
உள்ளே அவள் காயவைத்த கடற்பாசி.
ஒன்றில் வந்து அமர்ந்திருக்கிறது ஒரு பேடை,
தன் மார்பைத் தானே பிய்த்து
முட்டைகளுக்கு மெத்தையிட்டபடி.

ஸ்டைனார் மூழ்கிய இரவிலிருந்து
கேட்டுக்கொண்டுதான் இருக்கிறாள்:
ஆண்டவரே, ஏன் ஒரு வார்த்தைகூட இல்லை?

இன்று வெறும் காலுறையோடு
மூச்சையும் மெல்ல விட்டு
முற்றத்தைக் கடந்தவள்
பாதியில் நின்றாள்.

கல் அடுக்கியது யாரென்று
பறவைக்குத் தெரியாது.
காற்று இங்கே நுழைவதில்லை,
அவ்வளவுதான் தெரியும்.

நாய் முனகியது.
உதட்டில் விரல் வைத்தாள்,
தனக்காக யாரோ
வைத்திருப்பது போலவே.